வியாழக்கிழமைக் கூட்டத்துக்கு ஆள் வருவதில்லை, ஆறு லட்சம் திரட்ட வேண்டும்: அனுபவஸ்தர்கள் சொல்லுங்கள்

காவேரிக்கரை (மே 12, 2024)

வணக்கம் நண்பர்களே. டெல்டா பக்கம் சின்ன ஊர், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். ஜூலை 1 முதல் எங்கள் ஊர் ரோட்டரி சங்கத்துக்கு நான்தான் தலைவர். ஆசைப்பட்டு வாங்கிய பதவி இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற இருவரில் ஒருவர் மகள் கல்யாணம் என்றார், இன்னொருவர் புதுக் கிளை திறக்கிறேன் என்றார். அப்படி என் தலையில் வந்து விழுந்தது.

ஏட்டில் 34 உறுப்பினர்கள். வியாழன் இரவு ஏழரைக்கு ஒரு லாட்ஜ் மாடி ஹாலில் கூட்டம். வருவது பதினொரு பேர், மழை இல்லாவிட்டால் பன்னிரண்டு. ரோட்டரி மாவட்டத்தின் தலைவரான கவர்னர் விசிட் வரும் அன்று மட்டும் முப்பதைத் தொடும். பேச்சாளரும் கிடைப்பதில்லை. போன மூன்று மாதத்தில் யோகா இரண்டு தடவை, மியூச்சுவல் ஃபண்ட் மூன்று தடவை. மியூச்சுவல் ஃபண்ட்காரர் எங்கள் செயலாளரின் மச்சான்.

இந்த ஆண்டு அரசு பெண்கள் பள்ளிக்குக் கழிப்பறை கட்டித் தர ஆசை. ஆறு அறை, தண்ணீர்த் தொட்டி, நாப்கின் எரிக்கும் கருவி எல்லாம் சேர்த்து ஆறு லட்சம் ஆகும் என்கிறார் எங்கள் இன்ஜினியர் உறுப்பினர். மெல்லிசைக் கச்சேரி வைத்து டிக்கெட் விற்கலாம் என்று போர்டில் முக்கால்வாசிப் பேர் சொல்கிறார்கள். எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

பழைய_சார்ஜண்ட் (மே 12)

தம்பி, வயிறு சரியாகத்தான் சொல்கிறது. கேட்டுக்கொள்.

நாங்கள் ஒரு காலத்தில் கச்சேரி வைத்தோம். டிக்கெட், விழா மலர் விளம்பரம் எல்லாம் சேர்த்து வசூல் ஏழு லட்சத்துப் பத்தாயிரம். மேடையில் அறிவித்ததும் அதைத்தான், கைதட்டலும் அதற்குத்தான். அப்புறம் பொருளாளர் செலவை எழுத உட்கார்ந்தார். பாடகர் குழு, ஒலி ஒளி, மண்டபம், ஜெனரேட்டர், போஸ்டர், கலைஞர்களுக்கு ரூம், அவர்களோடு வந்தவர்களுக்கும் ரூம், மலர் அச்சு, சிறப்பு விருந்தினருக்கு வெள்ளிக் குத்துவிளக்கு. மிஞ்சியது 62,000. அதிலும் 40,000 விளம்பரப் பாக்கி. ‘அண்ணே, தீபாவளி முடியட்டும்’ என்றவர்களிடம் அடுத்த தீபாவளி வரை நடந்தேன். மூன்று மாதம் முப்பது பேர் அலைந்ததற்கு வாங்க முடிந்தது நாலைந்து தையல் மெஷின்.

டிக்கெட் வாங்கியவர் யார் என்று பார். பாதிக்கு மேல் நம் உறுப்பினரும் அவர்கள் சம்பந்திகளும்தான். ஒரே பையில் இருந்த பணத்தை எடுத்து, வழியில் கொஞ்சம் சிந்திவிட்டு, மறுபடி அதே பையில் போட்டோம்.

சந்தா_பாக்கி (மே 12)

பொன்னாடை வாங்குவதை ஒரு வருடம் நிறுத்தினால் ஆறு லட்சம் தானாகச் சேரும்.

பழைய_சார்ஜண்ட் (மே 12)

சந்தா பாக்கி வைத்திருப்பவர் சொல்கிறார், எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கால்நடை_மருத்துவர் (மே 13)

நான் எந்தச் சங்கத்திலும் உறுப்பினன் இல்லை, ஆனால் பல சங்கங்களில் பேசியிருக்கிறேன். பேச்சாளர் கிடைக்கவில்லை என்பவர்களுக்கு மேடைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்லட்டுமா?

ஏழரைக்கு வரச் சொல்வீர்கள். நானும் போய்விடுவேன். ஹாலில் மைக் செட் பையனும் நானும் இருப்போம். எட்டே காலுக்கு மணி அடித்துக் கூட்டம் தொடங்கும். தலைவர் கழுத்தில் காலர் மாட்டுவது, இறைவணக்கம், நான்கு வழிச் சோதனை என்ற ரோட்டரி ஒழுக்க விதியை வாசிப்பது, வரவேற்புரை. வரவேற்புரையில் முன்னாள் தலைவர்கள் ஒவ்வொருவரையும் பட்டத்தோடு ‘அவர்களே’ போட்டு விளிப்பார்கள். பிறகு பிறந்தநாள், திருமண நாள் வாழ்த்து, கேக். செயலாளர் அறிக்கை. என்னை அறிமுகப்படுத்த வருபவர் என் பயோடேட்டாவை நான் எட்டாம் வகுப்பு படித்த பள்ளியிலிருந்து வாசிப்பார். மைக் என் கைக்கு வரும்போது ஒன்பது ஐந்து. பின்னால் இட்லிச் சட்டி திறந்து சாம்பார் வாசனை வந்துவிட்டது. ஒருவர் எழுந்து வந்து காதில், ‘டாக்டர், ஒரு பத்து நிமிஷத்துல முடிச்சிடுங்க’ என்பார்.

வெறிநாய்க்கடி பற்றிப் பேச அரை மணி நேரத்துக்குத் தயாரித்துக்கொண்டு போயிருப்பேன். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்ற ஒன்றை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். நினைவுப் பரிசாக ஒரு கடிகாரம் தருவார்கள். வீட்டில் ஏழு கடிகாரம் இருக்கிறது, ஏழும் ஏழு நேரம் காட்டுகிறது.

ஒரே ஒரு சங்கத்தில் வேறு மாதிரி. மணி அடித்த ஐந்தாவது நிமிடம் என்னைப் பேசச் சொன்னார்கள். வாழ்த்து, அறிக்கை எல்லாம் சாப்பாட்டுக்குப் பிறகு. கேள்விகளே நாற்பது நிமிடம் போனது. அந்த மாதமே தெருநாய்களுக்குத் தடுப்பூசி முகாம் வைக்க மருந்துச் செலவை ஏற்றார்கள். யாரும் நன்கொடை கேட்கவில்லை. நான்கூடக் கேட்கவில்லை.

காவேரிக்கரை (மே 13)

டாக்டர், நீங்கள் எங்கள் ஹாலுக்குத்தான் வந்தீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது. மன்னிக்கவும்.

அரிமா_நண்பன் (மே 14)

பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நுழைகிறேன். எங்கள் அரிமா சங்கத்தில் (லயன்ஸ் கிளப்) டெயில் ட்விஸ்டர் என்று ஒரு பதவி உண்டு. வால் முறுக்குபவர். கூட்டத்தில் கலகலப்பு குறையாமல் பார்ப்பதும் உறுப்பினர்களுக்கு அபராதம் போடுவதும் அவர் வேலை. தாமதமாக வந்தாயா, பத்து ரூபாய். போன் அடித்ததா, இருபது. புதுக் கார் வாங்கியதை மறைத்தாயா, நூறு.

வேடிக்கை போலத் தெரிந்தாலும் அதற்கு எழுதிய விதி இருக்கிறது. போர்டு வைத்த உச்சவரம்பைத் தாண்டி அபராதம் போடக்கூடாது, ஒரே கூட்டத்தில் ஒருவருக்கு இரண்டு முறைக்கு மேல் போடக்கூடாது. வசூலை உடனே பொருளாளரிடம் கொடுத்து ரசீது வாங்க வேண்டும். டெயில் ட்விஸ்டருக்கே அபராதம் போட வேண்டுமானால் வந்திருப்பவர் அத்தனை பேரும் ஒருமனதாக வாக்களிக்க வேண்டும். எங்கள் சங்கத்தில் அது இரண்டு முறை நடந்திருக்கிறது. இரண்டு முறையும் அரை நிமிடத்தில் தீர்மானம் நிறைவேறியது.

இதில் ஆறு லட்சம் வராது, உண்மைதான். ஆனால் எங்கள் ஆட்கள் அடுத்து யாருக்கு அபராதம் என்று பார்க்கவே கூட்டத்துக்கு வருகிறார்கள்.

பழைய_சார்ஜண்ட் (மே 14)

எங்களுக்கும் கூட்ட ஒழுங்கைப் பார்க்க சார்ஜண்ட் அட் ஆர்ம்ஸ் உண்டு, அபராத உண்டியலும் உண்டு. என் பெயரைப் பார்த்தாலே தெரியுமே. ஒருமுறை கவர்னருக்கே ஐம்பது ரூபாய் போட்டேன், பேசி முடிக்காததற்கு. அடுத்த ஆண்டு எனக்கு வேறு பதவி கொடுத்துவிட்டார்கள்.

கோவை_கணக்கர் (மே 15)

பணம் பற்றிச் சொல்கிறேன், இங்கேதான் பல சங்கங்கள் சறுக்குகின்றன.

காவேரிக்கரை சார், முதலில் வங்கிக் கணக்கைப் பிரியுங்கள். சந்தா, சாப்பாடு, ஹால் வாடகை ஒரு கணக்கு. பொதுமக்களிடம் சேவைக்கென்று வாங்கும் பணம் வேறு கணக்கு. அரிமா சங்கத்தில் இது கறாரான விதி, ஊரிடம் வாங்கிய பணம் ஊருக்கே போக வேண்டும், நிர்வாகச் செலவுக்குத் தொடக்கூடாது. நீங்களும் அப்படியே வையுங்கள். கழிப்பறைக்குக் கொடுத்த பணத்தில் கவர்னர் விசிட் சாப்பாடு போட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், பத்து வருடத்துக்கு யாரும் தரமாட்டார்கள். அது உண்மையாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

இரண்டாவது, 80ஜி, அதாவது நன்கொடைக்குக் கிடைக்கும் வருமான வரிக்கழிவு. சங்கத்துக்கு அறக்கட்டளை இருந்து அதற்கு 80ஜி பதிவும் இருந்தால்தான் அந்த ரசீதுக்கு மதிப்பு. ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் வரிக்கழிவு கிடையாது. ரசீது மட்டும் போதாது, அறக்கட்டளை மே 31-க்குள் நன்கொடையாளர் விவரம் அடங்கிய 10பிடி படிவம் தாக்கல் செய்து, கொடுத்தவருக்கு 10பிஇ சான்றிதழ் தர வேண்டும். பல பொருளாளர்கள் இதைக் கோட்டை விடுகிறார்கள். புதிய வரி முறைக்குப் போனவர்களுக்கு 80ஜி பயனே இல்லை. ஆகவே ‘வரி மிச்சமாகும் சார்’ என்று எல்லோரிடமும் ஒரே பல்லவி பாடாதீர்கள்.

உலக ரோட்டரி அறக்கட்டளை பெரிய திட்டங்களுக்குத் தரும் குளோபல் கிராண்ட் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். அதற்குத் திட்ட மதிப்பே குறைந்தது 30,000 டாலர் இருக்க வேண்டும், 2024 டாலர் விலையில் இருபத்தைந்து லட்சம். வெளிநாட்டுச் சங்கம் ஒன்றும் கூட்டாளியாக வேண்டும். உங்கள் அளவுக்கு ரோட்டரி மாவட்டம் வழியாக வரும் டிஸ்ட்ரிக்ட் கிராண்ட்தான் பொருத்தம். ஒரு லட்சமோ ஒன்றரையோ கிடைத்தாலும் லாபம். ஜூலைக்குக் காத்திருக்காமல் இப்போதே கேளுங்கள்.

சந்தா_பாக்கி (மே 15)

அந்த கிராண்ட் பணம் எங்கிருந்து வருகிறது என்றும் சொல்லுங்கள் ஆடிட்டர் சார். ரோட்டரி அறக்கட்டளைக்கு ஆயிரம் டாலர் கொடுத்தால், ரோட்டரியைத் தொடங்கியவர் பெயரில் பால் ஹாரிஸ் ஃபெலோ என்று சட்டையில் ஒரு பின் குத்துவார்கள். எண்பதாயிரத்துக்கு மேல் கொடுத்துக் குண்டூசி வாங்கும் ஊர் இது. உள்ளூர்ப் பள்ளிக்கு ஐயாயிரம் கேட்டால் கடையில் ஆள் இல்லை என்பார்கள். நான் வெளியே வந்ததே இதனால்தான்.

கோவை_கணக்கர் (மே 15)

பாதி நியாயம். பின்னுக்காகக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அறக்கட்டளையின் ‘ஆண்டு நிதி’க்குப் போகும் பணத்தில் ஏறக்குறையப் பாதி, மூன்று ஆண்டு கழித்து அதே ரோட்டரி மாவட்டத்துக்குத் திரும்பி வருகிறது. டிஸ்ட்ரிக்ட் கிராண்ட் அதிலிருந்துதான். இன்னொரு பங்கு போலியோவுக்குப் போனது. போலியோ ஒழிப்பு வேலையை ரோட்டரிக்காரர்கள் 1985-இல் தொடங்கினார்கள். இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரி 13, ஹௌராவில் ஒரு சிறுமிக்கு. 2014 மார்ச் 27 அன்று நம் தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ இல்லாத பகுதி என்று சான்று கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை பேருந்து நிலையத்தில் சொட்டு மருந்துப் பெட்டியோடு நின்றவர்களில் பின் குத்தியவர்களும் இருந்தார்கள்.

சந்தா_பாக்கி (மே 16)

நானும் நின்றிருக்கிறேன். அதை மறுக்கவில்லை.

நெல்லைக்காரி (மே 16)

பெண்கள் பள்ளிக் கழிப்பறை பற்றி இத்தனை ஆண்கள் பேசுகிறீர்கள். போர்டில் பெண்கள் எத்தனை பேர்?

நான் ரோட்டரியில் சேர்ந்து ஆறு ஆண்டு. முதல் கூட்டத்தில் வாசலில் பதிவேடு வைத்திருந்தவர், ‘மேடம், நீங்க யாரோட ஆன்?’ என்று கேட்டார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், உறுப்பினரின் மனைவியை ‘ஆன்’, பிள்ளைகளை ‘ஆனெட்’ என்று அழைப்பது இந்த ஊர்ச் சங்கங்களின் பழக்கம். ‘நான் யாரோட ஆனும் இல்லை, நானே உறுப்பினர்’ என்றேன். கலிஃபோர்னியாவில் டுவார்ட்டே என்ற ஊர்ச் சங்கம் 1977-இல் பெண்களைச் சேர்த்ததற்கு அதை வெளியே தள்ளினார்கள். வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போய், 1987-இல் பெண்கள் பக்கம் தீர்ப்பு வந்தது. 1989-இல் உலகம் முழுதும் விதியை மாற்றினார்கள். 2022-23-இல் ஜெனிஃபர் ஜோன்ஸ் முதல் பெண் உலகத் தலைவர். 2024-25-க்கு வருபவரும் பெண்தான். ஆனால் இங்கே இன்னும் வாசலில் அதே கேள்வி.

காவேரிக்கரை அண்ணா, வரைபடம் போடுவதற்கு முன் அந்தப் பிள்ளைகளிடம் கேளுங்கள். எங்கள் சங்கம் ஒரு பள்ளிக்குக் கட்டிக் கொடுத்தது. அழகான கட்டடம், திறப்பு விழா, போட்டோ எல்லாம் நடந்தது. கதவுக்கு உள்ளே கொக்கியும் இல்லை, பை மாட்ட ஓர் ஆணியும் இல்லை, எரிக்கும் கருவி ஆசிரியர் அறைக்கு எதிரில். ஒரு பிள்ளைகூட அதைத் தொடவில்லை. ஐம்பது ரூபாய்க் கொக்கி.

ஓய்வு_தலைமையாசிரியை (மே 17)

நெல்லைக்காரி சொன்னது அத்தனையும் உண்மை. இன்னொன்று சேர்க்கிறேன். கட்டித் தருகிறேன் என்று வருபவர்களை நான் கேட்கும் முதல் கேள்வி, கழுவப் போவது யார் என்பது. துப்புரவுப் பணியாளருக்குக் கிடைக்கும் தொகையில் ஆள் நிற்பதில்லை. ஆசிட், பினாயில், விளக்குமாறு எல்லாம் தலைமையாசிரியர் கைக்காசு. மோட்டார் ரிப்பேர் ஆனால் அன்றோடு கழிப்பறைக்குப் பூட்டு.

ஆறு லட்சத்தில் ஐந்துக்குக் கட்டுங்கள், ஒரு லட்சத்தை வைப்பில் போட்டு வட்டியைப் பராமரிப்புக்குத் தாருங்கள். வட்டி மாதம் ஐந்நூறோ அறுநூறோதான், சோப்புக்கும் பினாயிலுக்கும் காணும். ஆள் சம்பளத்துக்கு வேறு வழி பாருங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு வாங்காமல் ஒரு செங்கல்கூட இறக்காதீர்கள். அரசுப் பள்ளிகளுக்கு நன்கொடை திரட்டும் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது, அதன் வழியாகக் கொடுக்க முடியுமா என்றும் பாருங்கள்.

பழைய_சார்ஜண்ட் (மே 17)

டீச்சரம்மா சொன்னதும்தான் ஞாபகம் வருகிறது. தம்பி, ரோட்டரி உலகத்திலேயே முதலில் கையில் எடுத்த ஊர்ப்பணி என்ன தெரியுமா? கழிப்பறைதான். 1905-இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வக்கீல் மூன்று நண்பர்களோடு தொடங்கிய சங்கம். 1907-இல் நகரத்துக்குப் பொதுக் கழிப்பறை வேண்டும் என்று கிளம்பினார்கள். யார் எதிர்த்தார்கள் தெரியுமா? பீர் கம்பெனிக்காரர்கள். ஆண்களுக்குத்தான் சாராயக் கடையில் கழிப்பறை இருக்கிறதே, எதற்குத் தனியாக என்று. கடைக்குள் போனால் ஒரு கிளாஸ் வாங்கிக் குடிக்க வேண்டுமே, அதுதான் விஷயம்.

இதைச் சொல்லிப் பணம் கேள். பதவியேற்பு விழாவில் சங்க வரலாறு என்று அரை மணி நேரம் வாசிப்பார்கள், இந்தக் கதையை ஒருவனும் சொல்வதில்லை.

யாழ்_தம்பி (மே 18)

வணக்கம் அண்ணா. சங்கத்துக்கு ரோட்டரி எண்டு பேர் வந்ததே கூட்டத்தை ஒவ்வொருத்தற்ற அலுவலகத்திலயும் மாறி மாறி வைச்சதால தானே. நீங்கள் ஏன் ஒரே லாட்ஜைக் கட்டிப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்? பள்ளிக்கூடத்திலயே ஒரு கூட்டம் வையுங்கோவன். வாராவாரம் கூட வேணும் எண்ட கட்டாயமும் 2016-இல போயிட்டுது, மாதத்தில ரெண்டு தரம் கூடினாலே காணும். எங்கட கொழும்பிலயிருந்து கே. ஆர். ரவீந்திரன் உலகத் தலைவரா இருந்த 2015-16 ஆண்டிலதான் அந்த விதி வந்தது.

காவேரிக்கரை (மே 18)

யாழ் தம்பி, இது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பழக்கம் அப்படி. லாட்ஜ் முதலாளி எங்கள் சங்கத்தின் முதல் தலைவரான சாசனத் தலைவரின் பங்காளி வேறு. முயன்று பார்க்கிறேன்.

காவேரிக்கரை (ஜூலை 20)

தாமதத்துக்கு மன்னிக்கவும். நடந்ததைச் சொல்கிறேன்.

பதவியேற்பு முடிந்த முதல் வியாழன், ஜூலை 4, கூட்டத்தைப் பள்ளி வராந்தாவில் மாலை ஐந்தரைக்கு வைத்தேன். லாட்ஜ்காரர் முறைத்தார். மூத்தவர் இருவர், ‘மரபு என்று ஒன்று இருக்கிறது’ என்று வரவில்லை. வந்தவர்கள் 21 பேர். பள்ளி அருகில் என்பதால் சிலர், என்ன கூத்து என்று பார்க்கச் சிலர்.

மணி அடித்ததும் நேராகத் தலைமையாசிரியை பேசினார், பன்னிரண்டே நிமிடம். 640 பிள்ளைகளுக்கு இப்போது ஓடுவது நாலே அறை. இடைவேளை பத்து நிமிடம். காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருந்து பழகிவிட்டார்கள் என்றார். பிறகு எங்களை அழைத்துப் போய்ப் பழைய கழிப்பறையைக் காட்டினார். வெள்ளை வேட்டிக்காரர்கள் வாசலிலேயே நின்றுவிட்டோம். எங்கள் ஜவுளிக்கடை உறுப்பினர், வாயே திறக்காதவர், மகளும் இங்கேதான் படித்தாள் என்று மட்டும் சொன்னார். அன்று இரவே போன் செய்து ஒரு லட்சம் என்றார். அவளிடம் இதைப்பற்றி ஒரு நாளும் கேட்டதில்லையாம்.

கச்சேரியைக் கைவிட்டோம். அறைக்கு இவ்வளவு என்று பிரித்து நேரடியாகக் கேட்கிறோம். இதுவரை வாக்குறுதி நாலரை லட்சம், கையில் வந்தது இரண்டு லட்சத்து எழுபதாயிரம். தனிக் கணக்கில் போட்டு, வரவு செலவை வாரா வாரம் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறேன். பிள்ளைகள் நின்று படிக்கிறார்கள், ஒருத்தி கூட்டல் பிழைகூடக் கண்டுபிடித்தாள். வைப்புத் தொகையும் சேர்த்துக் கேட்கலாமா என்று போர்டில் சண்டை. ‘கட்டுவதற்குத்தான் நன்கொடை தருவார்கள், கழுவுவதற்கு யார் தருவார்கள்’ என்கிறார் பொருளாளர். இன்னும் முடிவாகவில்லை.

கொக்கி, பை மாட்ட ஆணி, எரிக்கும் கருவிக்குத் தனி மறைப்பு: பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதிக் கொடுத்த பட்டியலில் முதல் மூன்றும் இவை. நான்காவது கண்ணாடி. இன்ஜினியர் அதை வெட்டிவிட்டார், நான் திரும்பச் சேர்த்தேன்.

அடுத்த கூட்டம் மறுபடி லாட்ஜில். பதினான்கு பேர்.

நெல்லைக்காரி (ஜூலை 20)

கண்ணாடிக்காகவே என் பங்கு 2,000. ஜிபே எண்ணை இங்கே போடாமல் தனிச் செய்தியில் அனுப்புங்கள்.

கோவை_கணக்கர் (ஜூலை 20)

பான் எண்ணையும் சேர்த்து அனுப்புங்கள் மேடம், 10பிஇ-க்கு வேண்டும்.

கால்நடை_மருத்துவர் (ஜூலை 21)

அடுத்த முறை லாட்ஜ் வேண்டாம். ஊரில் அரசு கால்நடை மருந்தகம் இருக்குமே, வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டால் இருபது பேர் உட்காரலாம். அங்கே வைத்தால் நான் வருகிறேன், வெறிநாய்க்கடிப் பேச்சு இன்னும் இருபத்தைந்து நிமிடம் பாக்கி இருக்கிறது. கடிகாரம் மட்டும் வேண்டாம்.

பழைய_சார்ஜண்ட் (ஜூலை 21)

தம்பி, திறப்பு விழாக் கல்வெட்டில் யார் பெயர் முதலில் என்று இப்போதே எழுதிக் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள். எங்கள் ஊர் நிழற்குடையில் அந்தச் சண்டை தீராமல் கல் இன்னும் என் குடோனில்தான் கிடக்கிறது.